சில்வராடோ கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டியதில் ஆன செலவு

வண்டி 2004 செவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 இன்ஜின், பின்சக்கர இழுவை. முந்தைய உரிமையாளர் படகு இழுக்க வைத்திருந்த வண்டி, இரண்டு லட்சம் மைலைத் தாண்டியது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் நேரத்தில் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டிக்கு இழுவை வராது. ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் மூன்றும் நன்றாகவே இருந்தன. டெக்சாஸில் நான் இருக்கும் பக்கம் விசாரித்ததில், கழற்றி மாட்டும் கூலியும் சேர்த்து 2,800 டாலரிலிருந்து 3,400 டாலர் வரை கேட்டார்கள். கராஜில் இடம் இருக்கிறது, ஸ்பேனர் பிடித்த கைதான். நானே பிரிக்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

உள்ளே இருப்பது 4எல்60இ என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். நான்கு முன்கியர் கொண்டது. 1982-ல் வந்த 700ஆர்4 என்ற பெட்டியின் வழிவந்தது. கியர் மாற்றத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் இந்த வடிவம் 1993-ல் வந்தது. பல ஆண்டுகள் ஏராளமான டிரக்குகளில் போட்டதால் உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், விலையும் கைக்கு அடக்கம். புதிய ஆறு, எட்டு கியர் பெட்டிகளுக்கு இந்த வசதி இல்லை. பழைய டிரக் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்பேன்.

பிரிப்பதற்கு முன்பே நோய் என்னவென்று பாதி தெரிந்துவிட்டது. மூன்றாவது, நான்காவது இரண்டுக்கும் பிடிமானம் கொடுப்பது 3-4 கிளட்ச் என்ற ஒரே தொகுதி. சன் ஷெல் (உள்ளே சூரியப் பல்சக்கரத்தோடு பிணைந்து சுழலும் உலோக ஓடு) உடைந்திருந்தால் ரிவர்ஸும் இரண்டாவதும் சேர்ந்தே போயிருக்கும். ஆயில் பேனைக் கழற்றியதும் கருகல் வாடை முகத்தில் அடித்தது. காந்தத்தில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது.

பெட்டியின் எடை மட்டும் சுமார் 150 பவுண்டு. டிரான்ஸ்மிஷன் ஜாக் இல்லாமல் இதை இறக்க யாரும் முயல வேண்டாம். பழைய ஜாக் ஒன்று 150 டாலருக்குக் கிடைத்தது. கிளட்ச் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி, நல்ல ஸ்னாப் ரிங் பிளையர், டயல் கேஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு 120.

கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கியிருக்கும் இன்புட் டிரம்மைத் திறந்தபோது, நினைத்தது அப்படியே இருந்தது. 3-4 கிளட்ச் பிளேட்டுகளில் உராய்வுப் பூச்சு என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் இரும்பு. அவற்றுக்கு இடையே வரும் ஸ்டீல் பிளேட்டுகளில் சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள். புது பிளேட் போட்டு மூடினால் வண்டி ஓடும்தான், ஆனால் எத்தனை நாளைக்கு? பிளேட் தானாக எரிவதில்லை. ஆயில் அழுத்தம் எங்கோ கசிந்து, பிடிமானம் குறைந்து, வழுக்கி வழுக்கித்தான் எரிகிறது. அந்தக் கசிவு எங்கே என்று தேடியதுதான் இந்த வேலையில் அதிக நேரம் தின்றது. நான் ரசித்துச் செய்த பகுதியும் அதுதான்.

இந்தப் பெட்டியில் மூன்றாவது கியருக்குப் போகும் ஆயில் இரண்டு வேலை செய்கிறது. 3-4 கிளட்சை அழுத்துகிறது, அதே சமயம் 2-4 பேண்டை (இரண்டாவது, நான்காவது கியர்களில் டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) பிடித்திருக்கும் சர்வோ பிஸ்டனைத் தள்ளி விடுவிக்கிறது. அந்தப் பாதையில், கேஸுக்குள்ளேயே, அதாவது பெட்டியின் வெளிக்கூட்டுக்குள்ளேயே, சிறு குப்பியும் அதனுள் ஒரு குண்டும் உண்டு. அழுத்தம் வந்ததும் குண்டு உட்கார்ந்து துளையை அடைக்க வேண்டும். வருடக்கணக்கில் தட்டித்தட்டி அந்த இருக்கை தேய்ந்துவிட்டால் ஆயில் கேஸுக்குள் ஒழுகிவிடும். துளையில் சால்வென்ட் ஊற்றிவிட்டு டார்ச் அடித்துக் கேஸின் உட்பக்கம் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக வழிந்தது. மாற்றுக் குப்பியின் விலை பத்து டாலருக்குள். இதைக் கவனிக்காமல் மூடியிருந்தால் புதுக் கிளட்சும் அதே வழியில் போயிருக்கும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கேஸ்கெட், சீல், கிளட்ச், ஸ்டீல் பிளேட், பேண்ட், புஷ், பில்ட்டர் எல்லாம் அடங்கிய கிட் 280 டாலர். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பலரும் "முந்நூறில் முடித்துவிடலாம்" என்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். கிட்டில் இரும்புச் சாமான் வராது. சன் ஷெல் உடையவில்லை என்றாலும் அதன் கழுத்துப் பகுதி விரிசல் விடுவது இந்தப் பெட்டியில் தெரிந்த சங்கதி, அதனால் கனமான ஷெல் ஒன்று போட்டேன், 60 டாலர். பம்ப்புக்குள் சுழலும் ரோட்டரும் வேன்களும் 70. கியர் விழும் அதிர்வை மட்டுப்படுத்தும் அக்குமுலேட்டர் பிஸ்டன்கள் அலுமினியத்தில், 30.

ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது) லாக் வால்வு ஓடும் துளை தேய்ந்திருந்தது. பெட்டி வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் காட்டும் பி1870 என்ற கோடு வருவதற்கு வழக்கமான காரணம் இது. துளையைச் சீவி சரிசெய்யும் ரீமர் ஒரே ஒரு தடவைக்கு வாங்கக் கட்டுபடியாகாது. பழையதைக் கொடுத்துவிட்டு, சரிசெய்த வால்வு பாடி வாங்கினேன், 230.

டார்க் கன்வெர்ட்டர் 190. இதில் மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். எரிந்த கிளட்சின் துகள் முழுக்க அதற்குள் தங்கியிருக்கும், வீட்டில் வெட்டிக் கழுவ முடியாது. கூலர் குழாய்களுக்கும் இதே கதைதான். அவற்றை இரண்டு பக்கமும் கழுவி, தனியாக ஒரு கூலரும் சேர்த்ததில் 75. டெக்ஸ்ரான் 6 ஆயில் பன்னிரண்டு குவார்ட், 95. கிளீனர், அசெம்பிளி கிரீஸ், துணி 60. குப்பியோடு சேர்த்து உதிரிபாகம், ஆயில் வகையில் 1,100 டாலர். கருவிகளையும் கூட்டினால் 1,370. கருவிகள் கையில் நிற்கும். கடைக்காரர்கள் கொடுக்கும் வாரண்டி மட்டும் எனக்குக் கிடையாது, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

மாட்டும்போது ஆயிலில் ஊறவைத்த பிளேட்டுகளை அடுக்கி, 3-4 தொகுதியின் இடைவெளியை பீலர் கேஜில் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு கிளட்சுக்கும் காற்றழுத்தம் கொடுத்தால் "டப்" என்று அழுத்தமாக ஒலிக்க வேண்டும். இழுத்தடித்துப் புஸ்ஸென்று வந்தால் சீல் மடிந்திருக்கிறது என்று பொருள். மொத்த எண்ட் பிளே, அதாவது ஷாஃப்ட் முன்பின்னாக நகரும் அளவு, 0.005-லிருந்து 0.036 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், எனக்கு 0.018 வந்தது. கன்வெர்ட்டர் பம்ப்புக்குள் முழுவதும் இறங்கியதா என்பதை, போல்ட் போடும் முன்பே இன்ஜின் பக்கத்துத் தட்டான பிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்து உறுதிப்படுத்திக்கொண்டேன். இறங்காத நிலையில் போல்ட்டை முறுக்கினால் புது பம்ப் அங்கேயே நொறுங்கும்.

இப்போது நான்கு கியரும் விழுகின்றன. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் துள்ளுவதில்லை. 500 மைல் ஓடிய பிறகு பேனை மறுபடி இறக்கி, காந்தத்தைப் பார்த்து, பில்ட்டர் மாற்றப் போகிறேன். சுத்தமாக இருந்தால் டிரெய்லர் மாட்டி, மேட்டு ரோட்டில் ஆயில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து அடுத்த பதிவில் எழுதுகிறேன்.