கலைந்தவை எங்கே போயின?

"கதீட்டர் வரியை எடுத்துட்டா அனுப்பலாமா மேடம்?" என்று என் ஆராய்ச்சி மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. முடியாது என்றேன். அதற்கு நான் சொன்ன காரணம் போதுமானதா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

பாக்டீரியா கூட்டமாகப் பசை சுரந்து ஒட்டியிருக்கும் படலத்தை (பயோஃபிலிம்) நைட்ரிக் ஆக்சைடு வாயுவால் கலைப்பது பற்றியது அவள் கட்டுரை. நோயாளியின் உடலில் செருகும் கதீட்டர் குழாயில் ஒட்டுவதையும் இப்படி அகற்றலாம் என்பதுதான் அந்த வரி. முடிவுகளில் குறையில்லை. ஒட்டியிருக்கும் படலத்தில் ஏறும் கிரிஸ்டல் வயலெட் சாயத்தில், நைட்ரிக் ஆக்சைடு கொடுத்த பிளேட் குழிகள் வெளுத்திருந்தன, கொடுக்காதவை கருநீலமாக நின்றன. திரும்பச் செய்தாலும் அதேதான். ஃபெலோஷிப் முடியும் நேரம், கட்டுரையும் தயார். நான் கேட்டது ஒன்றுதான்: குழிகளில் மேலே இருந்த திரவத்தை ஊட்டத் தட்டில் பரப்பி வளர்த்து (பிளேட்டிங்), உயிரோடு இருப்பவற்றை எண்ணினாயா?

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா ஒட்டி வாழ்வதா, பிரிந்து நீந்துவதா என்பதில் செல்லுக்குள் இருக்கும் சைக்ளிக்-டை-ஜிஎம்பி என்ற மூலக்கூறுக்குப் பெரும் பங்கு உண்டு. அது ஏறினால் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும், இறங்கினால் கிளம்பிவிடும். நானோமோலார் அளவு நைட்ரிக் ஆக்சைடே பயோஃபிலிமைக் கலைத்துவிடும் என்று 2006-இல் நிக்கோலஸ் பாரோவின் குழு காட்டியது. சைக்ளிக்-டை-ஜிஎம்பியை உடைக்கும் நொதிகள் வேகம் பிடிப்பதுதான் காரணம். இதே வாயு அதிகமானால் பாக்டீரியாவைக் கொல்லும். இந்தச் சிறிய அளவு கொல்வதில்லை, கிளப்பி மட்டும் விடுகிறது. சிஸ்-2-டெசினாயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை பாக்டீரியா தானே சுரந்து தன் கூட்டத்தைக் கலைத்துக்கொள்வதும் 2009-இல் வெளியானது. ஆக, கலைவது அதற்குச் சாவு இல்லை, வேறு இடம் பிடிக்கப் புறப்படுவது. வெளுத்த பிளேட்டை மட்டும் காட்டுவது, குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டுக் கூடு காலி என்று சொல்வதைப் போல எனக்குப் பட்டது.

2018-இல் வந்த எலி ஆய்வை அவளிடம் எடுத்துச் சொன்னேன். நாள்பட்ட காயத்தில் இருந்த பயோஃபிலிமை ஒரேயடியாகக் கலைத்தார்கள். ஆன்டிபயாடிக் கொடுக்காதபோது தொற்று ரத்தத்தில் பரவி எலிகள் இறந்தன. அவள் தயங்கவே இல்லை. "அது பசையைக் கரைக்கிற நொதி மேடம். நம்மளது சிக்னல். ரெண்டும் ஒண்ணு இல்லையே."

இல்லைதான். சவுத்தாம்ப்டனில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோய்) நோயாளிகள் 12 பேரை வைத்து நடந்து, 2017-இல் வெளியான சோதனையும் அவள் பக்கம்தான் நின்றது. நைட்ரிக் ஆக்சைடை முகர்ந்தவர்களின் சளியில் பாக்டீரியாக் கொத்துகள் குறைந்தன. ஆனால் அவர்களுக்கு ஆன்டிபயாடிக்கும் கூடவே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பிளேட்டில் அது இல்லை.

அப்புறம்தான் அந்த வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னாள். சிகிச்சை பற்றிப் பேசாமல், கலைகிறது என்று மட்டும் சொன்னால் கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. கேள்வியைச் சுருக்கிப் பிடி, இல்லாவிட்டால் எதையும் முடிக்க முடியாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஆனாலும், "நீ எடுத்தாலும் படிக்கிறவங்க அந்த வரியைச் சேர்த்துக்குவாங்கம்மா, எண்ணிடுவோம்" என்றேன். படிப்பவர்கள் சேர்த்துக்கொள்வதற்கு ஓர் ஆராய்ச்சி மாணவி எப்படிப் பொறுப்பாவாள்? பொறுப்பில்லை என்றுதான் பல நாள் தோன்றுகிறது. கதீட்டர் போட்டுப் படுத்திருக்கும் நோயாளியை நினைத்தால் மறுபடி மாறிவிடுகிறேன்.

எண்ணினோம். எதிர்பார்த்தபடியே திரவத்தில் ஏராளமாக உயிரோடு இருந்தன. ஆன்டிபயாடிக் சேர்த்தபோது குறைந்தன. புதிதாக எதுவும் தெரியவில்லை. அதற்குள் ஃபெலோஷிப் முடிந்து, மிச்ச மாதங்களை அவள் கைக்காசில் ஓட்டினாள். தெரிந்த பதிலுக்கு இவ்வளவு விலையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரிந்த பதிலையும் எண்ணித்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இப்போதும் அதையே சொல்வேன்.

ஆய்வேட்டில் அந்த எண்ணிக்கையை அவள் பின்னிணைப்பில் வைத்திருந்தாள். முன் அத்தியாயத்துக்குக் கொண்டுவரச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.