ஆறு காசும் ஒரு பெட்டியும்

மார்ச் 4, 2024, திங்கள்

பல்லடம் தாண்டி ஒரு நூல் குடோன் எரிந்த சர்வே. காலையில் போனவன் வீடு திரும்ப ஒன்பதரை. எரிந்த பஞ்சு நூலில் தண்ணீர் அடித்தால் ஒரு வாடை வரும், இரண்டு தடவை சோப்புப் போட்டாலும் போகாது. ஸ்டாக் கணக்கு ஒரு மாதிரி, சாம்பல் வேறு மாதிரி. நாளை மறுபடி போக வேண்டும்.

திரும்பும் வழியெல்லாம் ஜானி டாலர் கேட்டேன். அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலி 1949 பிப்ரவரியில் தொடங்கி 1962 செப்டம்பர் 30 வரை நடத்திய துப்பறியும் நாடகம். பழைய ஒலிப்பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. இருபத்தாறு வருஷமாக இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கும் எனக்கு இதைவிடப் பிடித்த கதாநாயகன் கிடையாது, ஏனென்றால் அவனும் என் ஜாதித் தொழில்காரன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் குவிந்து கிடக்கும் ஹார்ட்ஃபோர்ட் ஊரிலிருந்து, கிளைம் விசாரிக்கக் கிளம்பிப் போகிறவன். கதை முழுவதையும் செலவுக் கணக்காகவே சொல்லுவான். ஐட்டம் ஒன்று, விமான டிக்கெட், இத்தனை டாலர். ஐட்டம் இரண்டு, டாக்ஸி. நடுவில் யாராவது அவனைச் சுட்டிருப்பார்கள். கடைசியில் மொத்தம் போட்டுக் கையெழுத்து: இப்படிக்கு, ஜானி டாலர். நாடகத்தின் பெயரே அந்தக் கையெழுத்துதான்.

நானும் இன்று ராத்திரி பில்லில் எழுதியிருக்கிறேன்: போக்குவரத்து, போட்டோ 64.

மார்ச் 5, செவ்வாய்

இந்தப் பாத்திரத்தை ஆறு பேர் நடித்திருக்கிறார்கள். நான் பாப் பெய்லி கட்சி. 1955 அக்டோபரிலிருந்து 1960 வரை அவர்தான். அவர் வந்தபோது நாடகத்தை ஒரு வருஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜாக் ஜான்ஸ்டன் என்ற தயாரிப்பாளர் அதை எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை தினம் கால் மணி நேரம், வாரத்துக்கு ஒரு கதை என்று மாற்றினார். ஐந்து நாள் இருப்பதால் கதைக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. கணவனைப் பறிகொடுத்தவளிடம் கேள்வி கேட்கப் போகும்போது பெய்லியின் குரல் அரைச் சுரம் இறங்கும். அதைக் கேட்டு நான் தொழில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் மிகையில்லை. சாம்பலுக்கு நடுவில் நிற்கும் ஆளிடம் "பில் எங்கே" என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது.

பையனுக்கு சிங்கப்பூரில் வேலை உறுதியாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை ராத்திரி விமானம்.

மார்ச் 7, வியாழன்

"தி ஃப்ளைட் சிக்ஸ் மேட்டர்" ஆரம்பித்துவிட்டேன். 1956-இல் வந்த ஐந்து பகுதிக் கதை. பெரும்பாலான தலைப்புகள் "மேட்டர்" என்றுதான் முடியும், ஃபைல் பெயர் மாதிரி. கதையைச் சொல்லமாட்டேன், கேட்கப் போகிறவர்களுக்கு விட்டுவைக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆகாயத்தில் வரும் ஆபத்தை வானொலி அளவுக்கு சினிமா காட்டியதில்லை என்பது என் முடிவு. சினிமாவில் வெளியிலிருந்து விமானத்தைப் பார்க்கிறோம், புகை தெரிகிறது, இறக்கை சாய்கிறது. நிஜத்தில் உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எது தெரியும்? முன்சீட்டு முதுகு. அவனும் காதால்தான் விமானத்தைக் கவனிக்கிறான். இன்ஜின் ஒரே சீராக முனகுகிற வரை அதைக் கேட்பதே இல்லை. சுரம் கொஞ்சம் இறங்கட்டும், பேசிக்கொண்டிருந்தவன் வார்த்தையைப் பாதியில் விடுவான். வானொலி கேட்பவனும் அதே சீட்டில்தான் இருக்கிறான்.

இதைச் செய்ய அவர்களுக்குப் பெரிய சாமான் எதுவும் தேவைப்படவில்லை. விமானச் சத்தம் பதிந்த இசைத்தட்டு, வேகம் மாற்றக்கூடிய சுழல்மேடை. ஒலி விளைவுக்காரர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் இன்ஜின் திணறும். தரையிலிருந்து பேசுபவர் குரலை ஃபில்டர் வழியே விட்டுக் கனத்தை உருவிவிடுவார்கள், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அந்தக் குரலுக்கும் நமக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் அடி என்று மனசு தானாகக் கணக்குப் போடும்.

வீட்டுக்காரி சமையல்கட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் பாதிதான் புரியும். "ஏனுங்க, சத்தம் மாறுதில்ல?" என்றாள், எனக்கு முன்னாலேயே.

மார்ச் 9, சனி

இன்று வேலை இல்லை. காலையிலிருந்து 629-ஐ நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இது நாடகம் அல்ல, நடந்தது.

1955 நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை. பெய்லியின் ஜானி டாலர் வந்து ஐந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலை 6:52-க்கு யுனைட்டெட் ஏர்லைன்ஸின் 629-ஆம் விமானம் டென்வரிலிருந்து போர்ட்லண்டுக்குக் கிளம்பியது. பதினோரு நிமிஷத்தில் லாங்மாண்ட் ஊருக்குப் பக்கத்தில் வெடித்து சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்களில் சிதறியது. 44 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்குகிறது. சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து ஒரு கிடங்கில் கம்பிவலைச் சட்டத்தின்மேல் விமானத்தின் உடம்பாகவே திரும்பக் கோத்தார்கள். எந்த இடத்தில் தகடு உள்ளிருந்து வெளியே பிதுங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போய், பின்பக்கம் பெட்டிகள் வைக்கும் நான்காம் எண் அறையில் நின்றார்கள். இன்ஜின் கோளாறு இல்லை, மின்னல் இல்லை. யாரோ ஒருவருடைய பெட்டி.

பல்லடம் குடோனில் நான் செய்வதும் இதேதான், அளவு மட்டும் சிறியது. எந்தத் தூண் அதிகம் வெந்திருக்கிறது, எந்த இரும்பு வளைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே தீ பிறந்த இடத்துக்குப் போவது.

மார்ச் 10, ஞாயிறு

பெட்டி டெய்ஸி கிங் என்ற அம்மாளுடையது. மகளைப் பார்க்க அலாஸ்காவுக்குக் கிளம்பியவர். வழியனுப்ப வந்த மகன் ஜாக் கில்பர்ட் கிரஹாம்தான் பெட்டிக்குள் டைனமைட் குச்சிகளும் டைமரும் பேட்டரியும் வைத்தவன். 23 வயது. அன்றைக்கு அமெரிக்க விமான நிலையங்களில் காசு போட்டால் பாலிசி தரும் இயந்திரங்கள் இருந்தன. கால் டாலர் காசு ஒன்றுக்கு 6,250 டாலர். அவன் அம்மா பெயரில் தனக்காக எடுத்தது 37,500 டாலர். ஆறு காசு.

அந்த இயந்திரத்தின் முன்னால் அவன் நின்ற சில நிமிஷங்களை நினைத்துப் பார்க்கிறேன். காசு ஒவ்வொன்றாக விழும் சத்தம். என்னைப் பொறுத்தவரை ஆபத்து ஆகாயத்தில் இல்லை, அங்கேதான் இருந்தது. அந்த பாலிசியில் அம்மா கையெழுத்துப் போடவே இல்லை, அதனால் அது செல்லவும் இல்லை.

விமானத்துக்குக் குண்டு வைப்பதைத் தண்டிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அப்போது கிடையாது. அதனால் 44 பேரில் ஒருவரைக் கொன்றதற்காக, பெற்ற தாயைக் கொன்றதற்காக மட்டும், கொலராடோ மாநிலம் அவன்மேல் வழக்கு நடத்தியது. 1957 ஜனவரி 11-இல் தண்டனை நிறைவேறியது. சட்டம் 1956 ஜூலையில்தான் வந்தது.

அவன் முதல் ஆளும் அல்ல. 1949 செப்டம்பர் 9-இல் கனடாவின் கியூபெக்கில் ஆல்பெர் கே என்ற நகை வியாபாரி மனைவி ரீட்டா ஏறிய டிசி-3 விமானத்தை இதே வழியில் வெடிக்கவைத்தான். 23 பேர் போனார்கள். செயிண்ட் லாரன்ஸ் ஆற்றில் விழுந்து தடயம் மூழ்கிவிடும் என்பது அவன் கணக்கு. விமானம் ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதால் கரையில் விழுந்தது. கிரஹாமுக்கு முன்னாலேயே வழி காட்டிவிட்டுப் போனவன்.

ஒருவர் உயிரோடு இருப்பதில் நமக்கு லாபம் இருந்தால்தான் அவர் பெயரில் நாம் பாலிசி எடுக்கலாம் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பரீட்சைக்கு நான்கு வரியில் எழுதினேன். 23 வயதில் அது வெறும் வரிதான்.

மார்ச் 11, திங்கள்

பையன் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். பயணக் காப்பீட்டுக்கு டிக் செய்திருக்கிறான். கீழே நாமினி: என் பெயர். உறவு: தந்தை. இந்த மாதிரிக் காகிதம் ஆயிரக்கணக்கில் பார்த்தவன், இதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

"அம்மா பேரப் போட்டிருக்கலாமே சாமி" என்றேன்.

"கிளைம் ஃபார்ம் உங்களுக்குத்தானுங்கப்பா எழுதத் தெரியும்" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான்.

குடோன் ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். தீ பிறந்தது மேற்குச் சுவர் சுவிட்ச் போர்டில்தான். உருகிய செம்பு மணி மணியாகத் தரையில் கிடந்தது. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, ஸ்டாக் புத்தகத்தை ஒழுங்காக எழுதவில்லை, அவ்வளவுதான். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஃப்ளைட் சிக்ஸ் கடைசிப் பகுதியை மதியமே முடித்துவிட்டேன். ராத்திரி கேட்கக் கூடாது என்று நானே வைத்துக்கொண்டது.

பையனை விட்டுவிட்டு அவிநாசி ரோட்டில் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். தூறல் இல்லை, காற்று இல்லை. விமானம் தலைக்குமேல் ஏறிப் போனது. விளக்கு சின்னதாகி மறைந்த பிறகும் வீட்டுக்காரி கார்க் கண்ணாடியை ஏற்றவில்லை.

"சத்தம் ஒரே மாதிரிதான இருக்குதுங்க?"

"இருக்குது."

முழுசாகக் கேட்காமல் போகும்வரை இருந்தோம். பிறகு வண்டியை எடுத்தேன்.