அம்பாசடர் பிளாக்கும் போரிங் பட்டறையும்

பழைய கார் பைத்தியங்கள் ஒரு சனிக்கிழமையைச் சந்தோஷமாகக் கழிக்க, தேய்ந்த எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தும் போரிங் பட்டறையை விட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. லேத் ஓடும் சத்தம், கட்டிங் ஆயில் வாசனை, டீ நேரத்தில் தன் வண்டிப் புராணம் பாடும் நாலு பேர். கையில் வேலை இருந்தால் இன்னும் நல்லது. அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினைக் கொண்டுபோனால் பொழுது போவதே தெரியாது.

எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் 1955-இல் வந்த அதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான் இது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. அங்குலத்தில் 2.875, 3.5. அதனால் இந்த எஞ்சினுக்குப் பேச்செல்லாம் ‘தௌ’ கணக்கில்தான். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ.

உள்விட்டம் அளக்கும் போர் டயல் கேஜை வைத்து மேல், நடு, அடி என மூன்று ஆழத்தில், எஞ்சினின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். தேய்மானம் அதிகம் இருப்பது பிஸ்டனின் மேல் ரிங் நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்குவாக்கில். பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்துவது அங்கேதான். நாலில் மோசமான சிலிண்டர் எதுவோ, அதுதான் ஓவர்சைஸை, அதாவது எவ்வளவு அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போடுவது என்பதை, முடிவுசெய்யும். 20 தௌ ஏற்றினால் எஞ்சின் 1510 சிசி ஆகிவிடும். டீக்கடையில் பெருமையடிக்க உதவும், வேகத்தில் ஒன்றும் தெரியாது.

பிஸ்டன் கைக்கு வராமல் போரிங் போடக் கொடுக்கவே கூடாது. பெட்டியில் +20 என்று அச்சடித்திருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, அந்த அளவுக்கு ஏற்றபடிதான் சிலிண்டரை வெட்ட வேண்டும். நல்ல மெஷினிஸ்ட் கடைசி ஓரிரு தௌவை ஹோனிங்குக்கு (சாணைக்கல்லால் தேய்த்து முடிக்கும் வேலைக்கு) விட்டுவைப்பார். சிலிண்டர்கள் உள்ள பிளாக் ஆறும்வரை கடைசி அளவும் எடுக்கமாட்டார். ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி மின்னினால் ரிங் படியாது, எஞ்சின் ஆயில் குடிக்கும்.

அடுத்து கழுவுவது. பலர் சொதப்புவது இங்கேதான். மண்ணெண்ணெய், டீசல் எதுவும் ஹோனிங் தூளை முழுதாக எடுக்காது. சுடுநீர், சோப்புத் தூள், பிரஷ் போட்டுத் தேய்த்து, பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணி சாம்பல் நிறமாக வந்தால் மறுபடி கழுவல். காய்ந்த உடனே ஆயில் பூசாவிட்டால் துரு ஏறிவிடும். ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துளைப்பாதை) பிளக்குகளைக் கழற்றாமல் கழுவினால் உள்ளே தங்கும் தூள், புது பேரிங்கைத்தான் முதலில் தின்னும்.

ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) ரிங் முனைகளுக்கு நடுவே இடைவெளி பார்ப்பது: 8 முதல் 13 தௌ. குறைந்தால் சூட்டில் இரு முனைகளும் முட்டி ரிங் உடையும். சிலிண்டரில் கீறல் விழும்.

கிராங்க் கிரைண்டிங்கில் எல்லோரும் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பாகம்) அளவை மட்டும் கேட்பார்கள். ஓரத்து வளைவையும் பாருங்கள். கிரைண்டிங் வீல் கூர்மையாக வெட்டி மூலை விட்டிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பின்பக்கம் ஆயில் ஒழுகுகிறது என்று புலம்புவோருக்கு: இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீல் இல்லை, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு மரைதான். கொஞ்சம் ஒழுகினால் விட்டுவிடலாம்.

ஹெட்டுக்கு வந்தால் வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடும் குழாய்) முதலில், சீட் (வால்வ் மூடி உட்காரும் வளையம்) கட்டிங் பிறகு. கட்டரை வழிநடத்தும் பைலட் தண்டு கைடுக்குள் உட்காருவதால், கைடு ஆடினால் சீட்டும் கோணும். இந்தியாவில் 2000-த்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் போய்விட்டது. வால்வ் சீட்டைத் தேய்மானத்திலிருந்து காத்தது அந்த ஈயம்தான், அதனால் வார்ப்பிரும்பிலேயே வெட்டிய பழைய எக்ஸாஸ்ட் சீட் மெல்ல உள்வாங்கும். கடின சீட் போடுவதற்குச் செலவழிப்பது நியாயம்.

வால்வ் செட்டிங்குக்கு (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடைவெளி வைப்பது) ஒன்பது கணக்கு போதும்: 8-ஆம் வால்வ் முழுதாகத் திறந்திருக்கையில் 1-ஐயும், 6 திறந்திருக்கையில் 3-ஐயும் சரிசெய்யலாம். கூட்டினால் 9 வர வேண்டும். இடைவெளி 15 தௌ. எஞ்சின் சூடேறி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு மறுபடி முறுக்கி, வால்வையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். கேஸ்கெட் படிந்ததும் இடைவெளி மாறியிருக்கும்.