லைட் போட்டுத்தான் இருந்தது

போன தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து சேலம் போகும்போது, காவேரிப்பட்டினம் தாண்டி ஒரு வைக்கோல் டிராக்டர். பின்னால் சிவப்பு விளக்கு இல்லை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்கூட இல்லை. என் கண்ணுக்கு அது தட்டுப்பட்டபோது வைக்கோலை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு கிட்டே. எப்படியோ பிரேக் பிடித்துத் தப்பினோம். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து, "பாத்துப் போடா, லைட்டப் போட்டுக்கோ" என்றார். லைட் போட்டுத்தான் இருந்தது.

வண்டி 14 வயதான ஹேட்ச்பேக். ஹெட்லைட் பல்பு எச்4 ரகம், 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. பெங்களூர் திரும்பியதும் முதல் வேலையாக ஜே.சி. ரோட்டுக்குப் போய் 2,400 ரூபாய்க்கு ஒரு ஜோடி எல்இடி வாங்கி மாட்டினேன். பார்க்கிங்கில் பார்க்க வெள்ளை வெளேரென்று பிரமாதம். ஓசூர் ரோட்டில் இறங்கியதும் எதிரே வருகிற ஆட்டோவிலிருந்து லாரி வரை எல்லோரும் எனக்கு பிரைட் அடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். நான் போட்டிருந்தது டிம் தான்.

வீட்டுக்கு வந்து சுவரில் அடித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப்பக்க ஒளியைத் தடுத்து, விளக்குக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொடுக்கும். டிம் வெளிச்சம் சுவரில் கோடு கிழித்தது போல ஒரு உயரத்தோடு நிற்பது அதனால்தான். எல்இடி சில்லு அந்த இழை இருந்த இடத்திலேயே பிசகாமல் உட்கார்ந்தால்தான் அந்தக் கோடு வரும். எனக்கு வந்தது கோடு இல்லை, கொட்டிய பால். இன்னொரு தொல்லையும் இருந்தது. பம்பருக்கு முன்னால் பத்தடி தூரம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்ததில் கண் அதற்கே பழகி, தூரத்து இருட்டு முன்பைவிடக் கருப்பாகத் தெரிந்தது. மூன்றாம் நாளே கழற்றிவிட்டேன். இப்போது அலமாரியில் இருக்கிறது, யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

அடுத்து ஹெட்லைட் கண்ணாடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே இருக்கும் பூச்சு வெயிலில் போனதும் மஞ்சளாகிவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தது நாலு நாள் தாங்கியது. அப்புறம் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். முதலில் மஞ்சள் பால் வழியும். அது வெள்ளையானதும் அடுத்த நம்பர். வாட்ச்மேன் தாத்தா நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருந்தத ஏன் தம்பி சொரண்டுற?" என்று கேட்டார். பாலிஷ் போடும்வரை எனக்கும் அதே சந்தேகம்தான்.

பளிச்சென்று ஆனது. ஆனாலும் மனசுக்கு நிறைவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா என்று கேட்க சிவாஜிநகரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் பாயிடம் போனேன். வாணியம்பாடிக்காரர். "ஹோல்டர் உருகிடும் சார், போலீஸ் வேற பிடிப்பான்" என்று சொல்லிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டு மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பு ஹோல்டரில் 11.9. "கரண்டே வந்து சேரல, நீங்க பல்பத் திட்டுறீங்க."

ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். இரண்டு பல்புக்கும் சேர்த்து ஓடும் பத்து ஆம்பியர் கரண்டும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச், பழைய கனெக்டர், மெல்லிய ஒயர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்ததில்தான் அந்த 2.2 வோல்ட் கரைந்திருக்கிறது. பாய் ரிலே ஹார்னஸ் போட்டார். ரிலே என்பது சின்ன கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் நேராக பல்புக்கு. பழைய ஒயருக்கு இனி ரிலேவைத் தட்டி எழுப்புகிற வேலை மட்டும்தான். துருப்பிடித்த எர்த் போல்ட்டையும் கழற்றித் தேய்த்து மாட்டினார். ஹோல்டரில் 13.6. பல்பு அதே 60/55 தான், புது ஜோடி. கண்ணாடிக் குழலில் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டினார். எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடம் மட்டும் சூடேறி சீக்கிரம் போய்விடுமாம். ஹார்னஸ், பல்பு, கூலி எல்லாம் சேர்த்து 1,900.

அலைன்மென்ட்டை நானே செய்தேன். பேஸ்மென்ட் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டயர் காற்று சரி பார்த்து, டிரைவர் சீட்டில் மைத்துனரை உட்கார வைத்து, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் லெவலிங் திருகை பூஜ்யத்தில் வைத்தேன். விளக்கின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர். வெளிச்சக் கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். வலது பக்கம் சரி. இடது பக்கம் 25 சென்டிமீட்டர் கீழே கிடந்தது! கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சரிவில் கோடு 26 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். சரியாக இருந்தால் 65 மீட்டர். எண்பதில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். டிராக்டர் நின்றதும் இடது ஓரத்தில்தான். ஸ்க்ரூடிரைவரால் நாலைந்து சுற்று, அவ்வளவுதான் வேலை.

பொங்கலுக்கு அதே ரோடு. தொப்பூர் இறக்கத்தில் இடது ஓர வெள்ளைக் கோடு வளைவுக்குள் போவதுவரை டிம்மிலேயே தெரிந்தது. எதிரே வந்த யாரும் பிரைட் அடிக்கவில்லை. நடுவில் அரளிச் செடி இல்லாத இடங்களில் எதிர் வண்டிகளின் எல்இடி என் கண்ணில் குத்தியது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இடது கண்ணாடியின் மேல் ஓரத்தில் மஞ்சள் மறுபடி எட்டிப் பார்க்கிறது. தேய்த்த பிறகு வெயிலைத் தாங்கும் யூவி கிளியர் கோட் பூச்சு அடிக்காமல் விட்டது என் சோம்பேறித்தனம். மழை வருவதற்குள் ஒரு ஞாயிறு பார்த்து முடிக்க வேண்டும்.