முகத்தைத் திருப்பும் நடிகர்

ஏப்ரல் 3, வெள்ளவத்தை
வானொலி நாடக நடிகரான ஐயாவைப் பற்றிய ஆவணப்படத்துக்கு இன்று முதல் நாள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், இரண்டாம் மாடி. கூடத்து ரியூப்லைட்டை அணைக்க விடமாட்டார். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 24 பிரேமில் எடுப்பதால், ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம் ஐம்பதில் ஒரு செக்கனாகி மின்சாரத்தோடு ஒத்துப்போக, ஷட்டரை 172.8 பாகைக்குக் குறைத்தேன். படம் மினுங்கவில்லை.

ஏப்ரல் 4
ஒன்றும் சரிவரவில்லை. 85 எம்எம் லென்ஸ், எஃப் 2. அதில் கண் தெளிந்தால் காது மங்கும். ஐயா பழைய வானொலி நாடக வசனத்தைத் தொடங்குவார். பாதியில் முகத்தை இடப்பக்கம் திருப்பிவிடுவார். போகஸ் போய்விடும். "கொஞ்சம் நேரே பாத்துச் சொல்லுங்கோ ஐயா" என்று நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் "ஓம் தம்பி" என்றார், நாலு தரமும் திரும்பினார்.

ஏப்ரல் 5
தேத்தண்ணி குடிக்கும்போது அவராகவே சொன்னார். "மைக்குக்கு நேர நிண்டு கதைச்சா பக்கத்தில நிக்கிற மாதிரிக் கேக்கும் தம்பி. கதைச்சுக்கொண்டே முகத்தை மெல்லத் திருப்பினா, ஆள் வாசல் தாண்டிப் போற மாதிரி இருக்கும்."

1967இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறுவதற்கு முன்பே, டொரிங்டன் சதுக்கத்து ஸ்ரூடியோவில் பழகியதாம். நேற்று முழுக்க நான் அவருடைய நடிப்பைத்தான் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மனம் கேட்கவில்லை.

35 எம்எம்முக்கு மாறினேன், எஃப் 5.6. இதில் அவர் திரும்பினாலும் முகம் மங்காது. மைக் நிற்கவேண்டிய இடத்தில் கமராவை வைத்து, ஐயாவை எழும்பி நிற்கச் சொன்னேன். கடற்பக்க யன்னல் வெளிச்சம் அவருக்கு வலப்பக்கம். இடப்பக்கம் திரும்பத் திரும்ப முகம் நிழலுக்குள் போனது. அந்தப் பாத்திரம் வீட்டை விட்டுப் போகும் காட்சி அது. காதுக்காக அவர் செய்ததைக் கண்ணும் பார்த்தது.

ஏப்ரல் 7
மொட்டைமாடியில் எடுக்க நினைத்தது சரிவராது. இந்த நாட்களில் கொழும்பில் நடுப்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே விழும். கண்குழி இரண்டும் கறுத்துவிடும்.

ஏப்ரல் 8
பிரதியை வாசித்தார். வாசித்து முடித்த தாளைப் பின்னால் செருகவில்லை. இரு விரலால் ஓரத்தைப் பிடித்து, பக்கத்து மேசையில் கிடத்தினார். சரசரப்பே இல்லை. ஒலிப்பதிவு செய்யும் தங்கச்சி ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள். கைகளை மட்டும் நெருக்கமாக எடுத்தேன்: பழுத்த நகம், நடுங்கும் மணிக்கட்டு, நடுங்காத தாள்.

மூன்றாவது தாளில் கரையோர ரயில் வந்தது. தாளைப் பிடித்தபடியே காத்து நின்றார். நான் கட் சொல்லவில்லை. சத்தம் தெஹிவளைப் பக்கம் தேய்ந்ததும், விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார்.