“கையைப் பிடிச்சாரு, சிஸ்டர்”

தலையில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவரின் படுக்கையருகே இந்தப் பேச்சு அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“சிஸ்டர், அப்பா என் கையைப் பிடிச்சாரு. இறுக்கிப் பிடிச்சாரு.”

“அப்படியாம்மா? நீங்க என்ன சொன்னப்ப பிடிச்சாரு?”

“ஒண்ணும் சொல்லலை. கைக்குள்ள கையை வெச்சேன், பிடிச்சுக்கிட்டாரு.”

இந்தப் பதிலிலேயே நர்ஸுக்குப் பாதி விடை தெரிந்துவிடும். மூளையின் முன்பகுதி அடிபட்டால், கைக்குழந்தைக்கு இருக்கும் பிடிப்பு அனிச்சை பெரியவர்களிடமும் தலைகாட்டும். உள்ளங்கையில் எது உரசினாலும் விரல்கள் மடங்கும். கையை உருவ முயன்றால் இன்னும் இறுகும். மகளுக்கு அது ‘விடமாட்டேன்’ என்று அப்பா சொல்வதாகவே படும். தெரிந்த அந்தப் பாதியை அப்போதே அவரிடம் சொல்லலாமா? இங்கேதான் ஒவ்வொரு முறையும் மனம் முட்டி நிற்கிறது.

“அது ரிஃப்ளெக்ஸ்தாம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகலாம். பொய்யான நம்பிக்கை தரக்கூடாது என்ற நியாயமும் அதில் உண்டு. ஆனால் ஒரே ஒரு பிடியை வைத்து அப்படி அறுதியிட்டுச் சொல்ல நமக்கும் ஆதாரம் போதாது. விபத்துக்குப் பின் அசைவே இல்லாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அவர் மூளை விழிப்போடு இருப்பவர்களின் மூளையைப் போலவே வேலை செய்ததை நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு 2006-இல் ஸ்கேனில் காட்டியது. 2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சொன்னதைச் செய்யும் வெளி அறிகுறி எதுவும் இல்லாத 241 பேரில் 60 பேரிடம் இப்படி மறைந்திருந்த பதில் தெரிந்தது. இவற்றைப் படித்த பிறகு ‘தாம்மா’ என்று முடிக்க நாக்கு தயங்குகிறது. அதே சமயம், இந்த ஆய்வுகளை மகளிடம் எடுத்துச் சொல்வதும் சரியல்ல. அப்பா அந்த 60 பேரில் ஒருவர் என்று அன்றிரவே முடிவு செய்துகொள்வார்.

மிச்சமிருக்கும் நேர்மையான பதில், “சோதிச்சுப் பார்ப்போம்.” அதற்கு முன் பதிலை மறைக்கக்கூடியவற்றை ஒதுக்க வேண்டும். முதலில் செடேஷன், அதாவது மயக்க மருந்து. புரொபோஃபால் என்ற மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சீக்கிரம் தெளியும். மிடசோலம் என்ற இன்னொன்று நாள்கணக்கில் ஓடியிருந்தால், அதிலும் சிறுநீரகம் கெட்டிருந்தால், நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் மயக்கம் நிற்கும். தசைத் தளர்வு மருந்து ஓடுகிறதென்றால் சோதனைக்கே பொருளில்லை. சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். காதில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் காது மெஷின் வைத்திருந்தாரா, வீட்டில் பேசும் மொழி எது என்று மகளிடமே கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கான பதில் பல நாள் சார்ட்டில் இருக்காது.

சோதிக்கும்போது உள்ளங்கையைத் தொடாமல் இருப்பது நல்லது. “கையை அழுத்துங்க” என்று மட்டும் கேட்டால் அனிச்சையே மதிப்பெண் வாங்கிவிடும். “பிடிங்க”, பிறகு “விடுங்க”, விட்டால்தான் கணக்கு. அதைவிட “ரெண்டு விரலைக் காட்டுங்க”, “கட்டைவிரலைத் தூக்குங்க” நல்லது. கழுத்துத் தண்டுவடமும் அடிபட்டிருந்தால் கை அசையாமலே போகலாம். அவரிடம் “மேலே பாருங்க, கீழே பாருங்க” என்று கண்ணைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் பத்து விநாடியாவது காத்திருக்க வேண்டும். நெரிசலான ஷிஃப்டில் நாம் இரண்டாவது விநாடியிலேயே அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறோம். சொன்னதைச் செய்தால், நினைவு நிலையை மதிப்பெண்ணால் அளக்கும் கிளாஸ்கோ அளவையின் அசைவுப் பிரிவில் 6, அதுவே முழு மதிப்பெண். குரல்வளையில் ட்யூப் இருப்பதால் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது, ட்யூப் என்பதற்கு ‘டி’ என்று குறிப்போம்.

இதை மகள் எதிரில் செய்வதா, வெளியே அனுப்பிவிட்டா? பழகிய குரலுக்குத் திரும்புபவர்கள் உண்டு. அந்த வகையில் மகள் இருப்பதே சோதனைக்கு நல்லது. “நீங்களே கேளுங்கம்மா, ‘அப்பா, கட்டைவிரலைத் தூக்குங்க’ன்னு.” ஆனால் விரல் தூக்கப்படாவிட்டால்? காலையில் கிடைத்த ஒரே சந்தோஷத்தை அவர் குரலாலேயே பறித்ததாகிவிடும். வெளியே அனுப்பினாலோ, திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்ற சந்தேகம் தங்கிவிடும். சொன்னதைச் செய்யாதவரை அடுத்து வலி கொடுத்துத்தான் பார்க்கிறோம்: விரல்நுனியில் அழுத்தம், தோள்தசையில் கிள்ளல், முக எலும்பு உடையாதபோது புருவ மேட்டில் அழுத்தம். முன்கூட்டிச் சொல்லாமல் செய்தால் பார்ப்பவருக்கு அது கொடுமை. “ஏன் கிள்ளுறீங்க?” என்ற கேள்விக்குப் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது. உறவினர் இருக்கட்டும் என்றே நான் பெரும்பாலும் சொல்வேன்; வலித்தூண்டல் கட்டம் வந்தால் வெளியே நிற்கிறீர்களா என்று கேட்பேன். இரண்டுக்கும் ஒரே நியாயம் பொருந்தவில்லை என்பதும் தெரிகிறது.

மண்டையழுத்தத்தின், அதாவது மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தின், தனி நியாயம் வேறு. 22 மிமீ பாதரசத்தைத் தாண்டி நின்றால் சோதனையும் இல்லை, செடேஷன் குறைப்பும் இல்லை. தலைமாட்டை 30 பாகையில் வைத்து, கழுத்தை நேராக்கி, ட்யூப் கட்டிய நாடா கழுத்து ரத்தக்குழாய்களை நெருக்குகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. மகள் அப்பாவின் தலையைத் தன் பக்கம் லேசாகத் திருப்பி வைத்தாலே எண் ஏறலாம். “நகர்த்தாதீங்க” என்று அதட்டினால் அதன் பிறகு தொடவே பயப்படுவார். எங்கே தொடலாம் என்று காட்டிவிடுவது மேல்: மருந்து ஏறும் லைன் இல்லாத பக்கம் நாற்காலி, முன்கை, தோள், கால். மூளைநீர் வடியும் குழாய் இருந்தால், கட்டிலை ஏற்றி இறக்குமுன் நர்ஸை அழைக்கச் சொல்ல வேண்டும். குழாயை மூடாமல் தலைமாட்டை உயர்த்தினால் நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடும்.

அடுத்த ஷிஃப்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் இந்தப் பிடி எப்படி எழுதப்படுகிறது என்பதும் முக்கியம். ‘கட்டளைக்கு இணங்கினார்’ என்று எழுதினால் இரவு ஷிஃப்டில் இணங்காதபோது நிலை மோசமானதாக எண்ணி ஸ்கேனுக்கு ஓடுவார்கள். எழுதாமலே விட்டால் மகள் கண்டது யாருக்கும் தெரியாமல் போகும். ‘காலை 11 மணி, வலது கையால் பிடித்ததாக மகள் சொன்னார், கட்டளைக்கு விடவில்லை, புரொபோஃபால் ஓடுகிறது’ என்பது போதும். மறுநாள் செடேஷன் நிறுத்தும் நேரத்துக்கு மகளை வரச்சொல்வதா என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். “வாங்க” என்று சொல்லும்போது எதற்கு என்றும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது வாக்கியத்தை எப்படிச் சொன்னாலும் ஒன்று கூடிவிடுகிறது, இல்லை குறைந்துவிடுகிறது.