எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: நோயாளியைக் கிடத்துவது பற்றி

சேலத்தில் எக்ஸ்ரே பணிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் கேவி (கதிரின் ஊடுருவும் வலு), எம்ஏஎஸ் (கதிரின் அளவு) கணக்குகளைப் பிழையின்றிச் சொல்கிறார்கள். நோயாளியை எப்படி நிறுத்துவது, எப்படிப் படுக்கவைப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்த பெரியவர் ஒருவரை, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொண்டுவந்தார்கள். வலது கால் நீளம் குறைந்து, பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம் என்று ஐயுற அதுவே போதும். நானோ, இடுப்பு ஏபி (கதிர் முன்னிருந்து பின்னாகச் செல்லும்) படத்துக்குப் பாதங்களை 15 டிகிரி உள்நோக்கித் திருப்ப வேண்டும் என்ற பாடத்தை மட்டும் நினைத்து அந்தக் காலைப் பிடித்துத் திருப்பினேன். அவர் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற மகன் உள்ளே ஓடிவந்துவிட்டார். உடனிருந்த மூத்த அக்கா என் கையை விலக்கி, “காலை விடு கண்ணு. டியூபும் கேசட்டும் நகரட்டும், அய்யா அப்படியே கெடக்கட்டும்” என்றார். டியூப் கதிரை அனுப்புவது, கேசட் படம் பதியும் தட்டு.

முறிவு என்ற ஐயமுள்ள காலைத் திருப்பவே கூடாது. கிடக்கும் நிலையிலேயே ஏபி எடுத்துவிட்டு, பக்கவாட்டுப் படத்துக்கு நல்ல காலை மடக்கி உயர்த்தித் தாங்கலில் வைத்து, அடிபட்ட இடுப்பை ஒட்டிக் கேசட்டைத் தொடை எலும்புக் கழுத்துக்கு இணையாக நிறுத்தி, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்த வேண்டும்.

நெஞ்சுப் படத்தை எளிதென்று எண்ணிவிடாதீர்கள். பிஏ (கதிர் முதுகிலிருந்து நெஞ்சுக்குச் செல்லும்) படத்துக்கு டியூபுக்கும் கேசட்டுக்கும் இடையே 180 செ.மீ. இடைவெளி விடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோள்களை முன்னோக்கி உருட்டாவிட்டால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரல்மேல் விழும், உடல் சற்றே திரும்பியிருந்தாலும் காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து சமதூரத்தில் இருக்காது. ஈரச் சடை தோளில் கிடந்தால் நுரையீரல் உச்சியில் நோயின் நிழல்போலவே தெரியும். தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றத் தயங்குபவரை வற்புறுத்த வேண்டாம், தாடைவரை உயர்த்திப் பிடித்தாலே போதும்.

“மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றதும் பல முதியவர்கள் தோளைத்தான் உயர்த்துவார்கள். அருகிலேயே நின்று, “என்னோட சேர்ந்து இழுங்கம்மா” என்று ஒருமுறை இழுத்துக் காட்டி, நெஞ்சு விரிவதைப் பார்த்த பிறகே சுவிட்ச் பக்கம் போங்கள்.